சில்லறை விஷயம்: அச்சுப் பிழைக் காசா, அடிபட்ட காசா?

பாலக்கோடு தக்காளி மண்டி டீக்கடையில் தொடங்கி ஒகேனக்கல் மீன் வறுவல் கடை வரைக்கும், தர்மபுரி மாவட்டத்தில் ஒரே நாளில் எவ்வளவு சில்லறை கை மாறுகிறது! அதில் எப்போதாவது ஒரு காசு கையைத் தடுத்து நிறுத்தும். சிங்கத் தலையில் பாதியைக் காணோம். அல்லது, ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கடி. அல்லது, பத்து ரூபாயின் நடுவட்டம் மட்டும் கோணலாகத் திரும்பிக்கொண்டு நிற்கிறது.

முன்பெல்லாம் இப்படி ஒரு காசு வந்தால், அடுத்தவர் தலையில் கட்டத்தான் வழி தேடுவார்கள். உண்டியலுக்குப் போகும், அல்லது பஸ் கண்டக்டரிடம் போகும். இப்போது நடப்பதே வேறு. வீட்டில் இருக்கும் காலேஜ் பிள்ளை அதைப் போனில் படம் எடுக்கிறது. நாலு வீடியோ பார்க்கிறது. ‘தாத்தா, இது எரர் காயின். லட்சக்கணக்கில் போகும்’ என்கிறது. தாத்தாவுக்கும் தூக்கம் போகிறது.

அந்தப் பிள்ளை சொல்வதில் பாதி உண்மை. நாணயச்சாலையில் தவறிப்போய் வெளியே வந்த காசுகளைத் தேடி வாங்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆனால், வீடுகளில் ‘எரர்’ என்று எடுத்து வைத்திருக்கும் காசுகளில் மிகப் பெரும்பாலானவை அடிபட்டவை, தேய்ந்தவை, யாரோ வேண்டுமென்றே கெடுத்தவை. இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் நஷ்டம் இரண்டு வழியில் வரும். ஒன்று, ஒன்றுமில்லாத காசைக் காட்டி யாரோ உங்களிடம் பணம் பறிப்பார்கள். இரண்டு, நிஜமாகவே மதிப்புள்ள காசைப் புளி போட்டுத் தேய்த்து நீங்களே கெடுத்துவிடுவீர்கள்.

பூரி மாவும் டப்பா மூடியும்

இந்தியாவில் மத்திய அரசின் நாணயச்சாலைகள் 4. மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா. அங்கே ஒரு காசு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

வீட்டில் எல்லாப் பூரியும் ஒரே அளவில் வரவேண்டும் என்றால் என்ன செய்வார்கள்? மாவைப் பெரிதாகத் தேய்த்து, டப்பா மூடியால் வட்டவட்டமாக வெட்டி எடுப்பார்கள். அதே கதைதான். நீளமான உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுக்கிறார்கள். வில்லையின் விளிம்பை லேசாக எழுப்புகிறார்கள். சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். பிறகு அது அச்சு இயந்திரத்துக்குப் போகிறது. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, சுற்றிலும் காசு பிதுங்காமல் பிடித்துக்கொள்ள ஓர் எஃகு வளையம். பல டன் அழுத்தத்தில் ஓர் அடி. பூ, தலை, விளிம்புக் கோடு எல்லாம் அந்த ஒரே நொடியில் விழுந்துவிடும்.

வெட்டும்போது தவறலாம், பதப்படுத்தும்போது தவறலாம், அச்சில் தவறலாம், அடியில் தவறலாம். இவையெல்லாம்தான் அச்சுப் பிழை. அடி விழுந்து காசு வெளியே வந்த பிறகு அதற்கு நேர்வதெல்லாம் காயம். லாரி டயர் ஏறினாலும், தண்டவாளத்தில் நசுங்கினாலும், தட்டார் பட்டறையில் சிக்கினாலும் அது காயம்தான். ஆகவே, வித்தியாசமான காசு கிடைத்ததும் ‘இது எவ்வளவுக்குப் போகும்?’ என்று தேட வேண்டாம். ‘அந்த மெஷினால் இப்படிச் செய்ய முடியுமா?’ என்று முதலில் கேளுங்கள்.

கடிபட்ட காசையே எடுத்துக்கொள்ளலாம். பூரிக்கு வெட்டும்போது மூடியை ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் கொஞ்சம் ஏறிப்போய் வைத்துவிட்டால் என்ன ஆகும்? பிறை மாதிரி ஓரம் கடிபட்ட பூரி வரும். தகடு சரியாக நகராமல் போனால் காசிலும் அதே கடி விழும். இது சேகரிப்பாளர்கள் விரும்பும் நிஜப் பிழை. இதைப் போலியாகச் செய்வதும் எளிது. ஒரு அரம் இருந்தால் போதும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கடியைப் பார்க்காதீர்கள். கடிக்கு நேர் எதிர்ப்பக்கம் உள்ள விளிம்பைப் பாருங்கள். வெட்டும்போதே கடிபட்ட வில்லையில், விளிம்பை எழுப்பும் இயந்திரத்துக்கு அழுத்தம் கொடுக்கப் பிடிமானம் இருக்காது. அதனால் எதிர்ப்பக்க விளிம்பு மங்கலாக, சப்பையாக இருக்கும். கடிக்குப் பக்கத்தில் உள்ள எழுத்துகளும் உலோகம் அந்த வெற்றிடத்தை நோக்கி ஓடியதால் இளைத்து, இழுபட்டுத் தெரியும். அரத்தால் ராவிய காசிலோ எதிர்ப்பக்க விளிம்பு கிண்ணென்று இருக்கும். எழுத்து கத்தியால் வெட்டியதுபோல் பாதியில் நிற்கும். வெட்டிய இடத்தில் அரத்தின் கோடுகளும் தெரியும். போலி செய்பவர் கடியைச் செய்வார். எதிர்ப்பக்கத்தை மறந்துவிடுவார்.

மேடு, பள்ளம்

விரல் நகத்தால் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. காசில் ஒரு கோடு தெரிகிறதா? நகத்தை அதன் மேல் குறுக்கே ஓட்டுங்கள். கோடு மேடாக இருக்கிறதா, பள்ளமாக இருக்கிறதா?

அச்சும் காசும் ஒன்றுக்கொன்று தலைகீழ். அச்சில் விரிசல் விட்டால் அந்தப் பள்ளத்துக்குள் உலோகம் ஏறி, காசில் மேடான கோடாக விழும். பார்ப்பதற்கு ஏரி வறண்டு வெடித்த மண்ணின் கோடு மாதிரி வளைந்து வளைந்து, எழுத்தின் மேலும் வெற்றிடத்தின் மேலும் தடையில்லாமல் ஓடும். அச்சின் ஓரம் ஒரு துண்டு உடைந்து விழுந்திருந்தால், காசின் விளிம்பை ஒட்டி மொழுக்கென்று ஒரு திட்டு இருக்கும். அந்த இடத்தில் எழுத்தே இருக்காது. கல்லில் உரசினாலோ, கத்தியால் கீறினாலோ மேடு வராது, பள்ளம்தான் வரும். கீறலின் இரு கரையிலும் உலோகம் லேசாக ஒதுங்கிக் கரகரவென்று இருக்கும்.

இந்த விதிக்கு விலக்கு உண்டு. அடி விழும் நேரத்தில் அச்சுக்கும் வில்லைக்கும் நடுவே நூலோ, துணித் துண்டோ, கம்பித் துகளோ மாட்டிக்கொண்டால் அதன் தடம் பள்ளமாகவே பதியும். அது நிஜப் பிழைதான். இப்படிப்பட்ட காசை முடிவு செய்யப் பழகிய கண் வேண்டும்.

எழுத்தே மங்கலாக இருக்கும் காசுகள்தான் அதிகம் ஏமாற்றும். ‘இந்தியா’வில் ஓர் எழுத்து இல்லை, வருஷத்தில் ஓர் எண் இல்லை என்று ஆச்சரியப்படுவார்கள். அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் உலோகத் தூளும் அடைத்துக்கொண்டால் அந்த எழுத்து காசில் விழாது. மற்ற எழுத்துகள் தெளிவாக இருந்து, காணாமல் போன இடத்தின் தரை பக்கத்துத் தரையைப் போலவே இயல்பாக இருந்தால் அது நிஜம். அந்த இடம் மட்டும் பளபளவென்று, அல்லது குழிந்து இருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள். நிஜமாகவே இருந்தாலும் கனவு காண வேண்டாம். பிசுக்கு அடைத்த காசுகள் ஏராளம்.

இரட்டை எழுத்து விஷயமும் இப்படித்தான். 1955-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு சென்ட் காசு உலகப் பிரபலம். அச்சைத் தயாரிக்கும்போதே படம் இரண்டு முறை விலகி விழுந்ததால், வருஷமும் எழுத்துகளும் வெறும் கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரியும். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு இங்கே ஐந்து ரூபாய்க் காசில் எழுத்தின் ஓரத்தில் நிழல் தெரிந்தால் துள்ளிக் குதிக்கிறார்கள். அந்த நிழல் பெரும்பாலும், அச்சு தளர்ந்துபோய் அடித்த கையோடு சற்றே நழுவியதால் வருவது. நிஜ இரட்டையில் இரண்டு எழுத்துக்கும் கனம் இருக்கும், மூலைகளில் பிளவு தெரியும். நழுவல் நிழலோ தட்டையாக, படிக்கட்டு மாதிரி இருக்கும். எழுத்தின் கனத்தையே அது தின்றிருக்கும். சேகரிப்பாளர்கள் இதைச் சட்டை செய்வதில்லை.

பூவா, தலையா?

எந்தக் கருவியும் இல்லாமல் வீட்டில் கண்டுபிடிக்கக்கூடிய, உருப்படியான பிழை ஒன்று உண்டு. காசை நேராக, சிங்கம் நிமிர்ந்து நிற்கும்படி இரண்டு விரலால் பிடியுங்கள். புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவதுபோல இடமிருந்து வலமாகத் திருப்புங்கள். இன்று புழக்கத்தில் இருக்கும் இந்தியக் காசுகளில் மறுபக்கமும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்வு சகஜம். பாதி திரும்பி, அல்லது முழுக்கத் தலைகீழாக இருந்தால், இயந்திரத்தில் ஓர் அச்சு தளர்ந்து சுழன்றுவிட்டது என்று அர்த்தம்.

கைபட்டோ, டயர் ஏறியோ இது நேராது. ஆனால், போலி செய்ய ஒரு வழி இருக்கிறது. இரண்டு காசுகளைக் கடைந்து ஒட்டி, பொருத்திவிடுவார்கள். தட்டினால் சத்தம் மொக்கையாக வரும், எடை ஒத்துவராது, விளிம்பிலோ விளிம்பின் உட்புறத்திலோ ஒட்டுக்கோடு இருக்கும். இருபக்கமும் தலை உள்ள ‘ஷோலே’ காசும் கடைகளில் இப்படித்தான் தயாராகிறது.

பத்து ரூபாய்ப் படலம்

பத்து ரூபாய்க் காசுக்கு தமிழ்நாட்டில் ஏற்கெனவே போதாத காலம். பல ஊர்களில் கடைக்காரர்கள் வாங்க மறுத்தார்கள். ‘10 கோடு இருந்தால் நல்லது, 15 கோடு இருந்தால் கள்ளக்காசு’ என்று ஒரு கதை வேறு சுற்றியது. உண்மையில் முன்பு வந்த ஒரு வடிவத்தில் 15 கோடுகள். 2011-ல் ரூபாய்க் குறியோடு வந்த வடிவத்தில் 10 கோடுகள். இரண்டும் செல்லும். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று அறிக்கையே வெளியிட்டது. எனவே, கோடுகளின் எண்ணிக்கை பிழையும் இல்லை, போலியும் இல்லை.

சிக்கல் இருப்பது நடுவட்டத்தில். வெளி வளையமும் நடுவட்டமும் தனித்தனி உலோகங்கள். இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று வைத்து, படம் விழும் அதே அடியில்தான் அவை இறுகிப் பூட்டிக்கொள்கின்றன. நடுவட்டத்தை யாராவது தட்டி வெளியே எடுத்து, திருப்பிப்போட்டு மாட்டினால் வளையத்தில் உள்ள படமும் நடுவில் உள்ள படமும் தொடர்ச்சி இல்லாமல் உடைந்து நிற்கும். மெஷினால் இதைச் செய்யவே முடியாது. படம் விழும் முன்பு நடுவட்டம் எப்படித் திரும்பியிருந்தாலும், விழுந்த படம் எல்லையைத் தாண்டித் தொடர்ச்சியாகத்தானே விழும்? ‘நடுவட்டம் திரும்பிய பத்து ரூபாய்’ என்று விற்பனைக்கு வருவதைப் பார்த்தால், சுத்தியல் வேலை என்று நகர்ந்துவிடலாம்.

நடுவட்டம் தள்ளிப்போய், வளையத்தின் மேல் ஏறிப் பதிந்திருந்து, அதன் மேல் படம் தொடர்ச்சியாக விழுந்திருந்தால் அது வேறு கதை. அது நிஜப் பிழை. நடுவட்டமே இல்லாத வெறும் வளையமும் இரண்டு வகையாக இருக்கும். அடித்த பிறகு கழன்று விழுந்ததென்றால், ஓட்டையின் உட்சுவரில் பூட்டிக்கொண்ட தடம் இருக்கும். படம் ஓட்டை ஓரத்தில் பட்டென்று நிற்கும். நடுவட்டம் இல்லாமலே அடி வாங்கியதென்றால், தடுக்க ஆள் இல்லாமல் உலோகம் உள்நோக்கி வழிந்து, ஓட்டையின் ஓரம் உருண்டு மழுங்கியிருக்கும்.

‘லக்கி’ காசும் பட்டறைக் காசும்

இந்தியச் சேகரிப்பாளர்கள் ‘லக்கி’ என்று சொல்லும் ஒரு வகை உண்டு. அடித்து முடித்த காசு வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வில்லை வந்து அதன் மேலேயே அடி வாங்கும். அப்போது அந்த வில்லையின் ஒரு பக்கம் வழக்கமான படமும், மறுபக்கம் அதே படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்வலம் மாறி, பள்ளமாகவும் விழும். நல்ல லக்கி காசுக்கு எப்போதும் கிராக்கி. கிராக்கி இருக்கும் இடத்தில் போலியும் இருக்குமே!

பட்டறையில் இரண்டு காசுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வைஸில் இறுக்கினால், அல்லது சுத்தியலால் ஓங்கி அடித்தால், ஒன்றின் படம் மற்றதில் பள்ளமாக, இடம்வலம் மாறி ஓரளவு பதியும். பார்த்தால் லக்கி மாதிரியே இருக்கும். ஆனால், நிஜ லக்கியில் அந்தப் பக்கத்துக்கு உரிய வழக்கமான படம் இருக்கவே இருக்காது. அது ஒருபோதும் விழவில்லையே! பட்டறைக் காசிலோ பழைய படம் நசுங்கிய நிலையில் அடியில் கிடக்கும். மறுபக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். நிஜத்தில் அது புத்தம்புதுசு மாதிரி எடுப்பாக இருக்கும். வைஸில் மாட்டியதில் அதுவும் சப்பையாகி, விளிம்பில் பிடித்த தடம் தெரியும்.

காசை உருக்குவதும் சிதைப்பதும் 2011-ம் ஆண்டின் நாணயச் சட்டப்படி குற்றம், 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ‘எரர்’ தயாரிக்கும் கைகளுக்கு இது தெரியுமா என்பது சந்தேகம்தான்.

செம்பு நிற ஒரு ரூபாய்

‘ஒரு ரூபாய் செம்பில் வந்திருக்கிறது, தவறான உலோகத்தில் அடித்துவிட்டார்கள்’ என்று ஒரு படம் அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும். தவறான வில்லையில் அடிக்கப்பட்ட காசுகள் உண்மையில் உண்டு. ஆனால், பள்ளிக்கூட ஆய்வகத்தில் மயில்துத்தக் கரைசலும் பேட்டரியும் வைத்து எந்தக் காசுக்கும் செம்பு முலாம் பூச முடியும். கழுத்துச் சங்கிலிக்கு கவரிங் பூசுவது மாதிரிதான்.

இங்கே காந்தமும் தராசும் உதவும். இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள் காந்தம் இழுக்கும் எவர்சில்வர் எஃகு. முலாம் பூசினாலும் காந்தம் இழுக்கும். எடைக்குத் தெரிந்த நகைக்கடையின் மின்னணுத் தராசே போதும். 2011 வடிவத்தில் ஒரு ரூபாய் 3.79 கிராம், இரண்டு ரூபாய் 4.85 கிராம், ஐந்து ரூபாய் 6 கிராம். 2019 வடிவத்தில் அவை முறையே 3.09, 4.07, 6.74 கிராம். பத்து ரூபாய் ஏறத்தாழ 7.7 கிராம். இரண்டு ரூபாய்ப் படம் போட்ட ஒரு காசு சரியாக ஒரு ரூபாயின் எடையில் இருந்து, படம் ஓரங்களில் வெட்டுப்பட்டிருந்தால் நிமிர்ந்து உட்காரலாம். எந்தக் காசின் எடையோடும் பொருந்தாமல், எழுத்தெல்லாம் சோப்புக் கரைந்த மாதிரி மெலிந்திருந்தால் யாரோ அமிலத்தில் போட்டிருக்கிறார்கள். பெரிதாக விரிந்து, எழுத்துகள் ஓரத்தை நோக்கி இழுபட்டிருந்தால் தண்டவாளம்.

பிழையே இல்லாதவை

வருஷத்துக்குக் கீழே ஒரு சின்ன வைரக் குறி, நட்சத்திரம், புள்ளி இருப்பதைப் பார்த்து ‘அரிய பிழை’ என்று விளம்பரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவை நாணயச்சாலையின் முத்திரைகள். வைரம் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப்புள்ளி என்றால் நொய்டா. குறியே இல்லையென்றால் கொல்கத்தா. 1985-ல் உள்நாட்டில் அடித்தது போதாமல் வெளிநாட்டிலும் அடித்து வாங்கினார்கள். அந்த வருஷத்து ஒரு ரூபாயில் உள்ள ‘எச்’ என்ற எழுத்து பர்மிங்காமின் ஹீட்டன் நாணயச்சாலையைக் குறிப்பது. அந்தக் காசுக்கு லட்சங்கள் தருவதாக வரும் வீடியோக்களை நம்பி எத்தனை வீட்டில் அஞ்சறைப் பெட்டி வரைக்கும் கொட்டித் தேடினார்களோ!

ஓட்டைக் காலணா இன்னும் சுவாரஸ்யம். 1943 முதல் 1947 வரை, போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டில் உலோகத்தை மிச்சம் பிடிக்க, நடுவில் ஓட்டையோடேயே அடித்த காசு அது. ஓட்டை அதன் வடிவமைப்பின் பாகம். எழுத்துகள் எல்லாம் ஓட்டையைச் சுற்றி இடம்விட்டு அமைந்திருக்கும். ஓட்டை இல்லாமல் ஒரு காலணா வந்திருந்தால் அதுதான் பிழை! இதையே திருப்பிப் பார்த்தால், விக்டோரியா, ஜார்ஜ் படம் போட்ட வெள்ளிக் காசுகளில் கழுத்துப் பக்கமோ கிரீடத்தின் மேலோ ஓட்டை இருந்தால், அது குழந்தையின் அரைஞாணில் கோர்க்கவோ, காசு மாலையில் தொங்கவோ போட்டது. விளிம்பில் ஈயப்பற்று ஒட்டிய தழும்பும் இருக்கலாம். குடும்பத்துக்கு அது பொக்கிஷம். சேகரிப்பாளருக்கு அது காயம்பட்ட காசு, பெரும்பாலும் வெள்ளி விலைதான்.

தர்மபுரிக்காரர்கள் கவனிக்க வேண்டிய காசு இன்னொன்று. 1792 ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் ஆங்கிலேயர் கைக்குப் போகும் வரை பாராமகால் என்ற இந்தப் பகுதி மைசூர் ஆட்சியில் இருந்தது. யானை உருவம் பொறித்த திப்பு சுல்தானின் செப்புக் காசுகள் அந்தக் காலத்தவை. அவற்றில் யானையின் தும்பிக்கை இல்லை, வால் இல்லை, படம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது என்றால் அது பிழையாக எண்ணப்படாது. அந்தக் காசுகள் கையால் சுத்தியல் கொண்டு அடித்தவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரிதான் விழும். படம் முழுதாக விழுந்த காசுக்குத்தான் அங்கே மதிப்பு. இயந்திரக் காசில் விலையேற்றும் அதே கோணல், கைக்காசில் விலையை இறக்கிவிடும். ராஜராஜன் காசுக்கும் இதே கணக்கு.

கொல்லையில் தோண்டும்போது இத்தகைய காசுகள் குவியலாகக் கிடைத்தால், 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 10 ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தாலே இந்தச் சட்டம் பொருந்தும். இன்றைக்கு எதுதான் 10 ரூபாய்க்குக் கீழே இருக்கிறது!

ராமர், அனுமன் படத்தோடு ‘1818 கிழக்கிந்தியக் கம்பெனி’ என்று எழுதிய செப்புக் காசுகளும் வலம் வருகின்றன. கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. பிற்காலத்தில் பூஜைக்கும் வியாபாரத்துக்குமாக வார்த்தவை. ‘அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது’ என்று ரைஸ் புல்லிங் கும்பல்கள் காட்டும் சரக்கும் இதுதான்.

புளியைக் கீழே வையுங்கள்

நம் வீடுகளில் செம்பு என்றாலே கை புளியைத் தேடும். பழைய காசைப் புளி, சாம்பல், பல்பொடி, பித்தளை பாலிஷ் என்று தேய்த்துப் பளபளவென்று ஆக்கினால், சேகரிப்பாளர் கண்ணில் அதன் மதிப்பு அதோடு சரிந்தது. காலம் ஏற்றிய அந்த மங்கல் படலம்தான் காசின் தோல். அச்சுப் பிழைக் காசில் இன்னும் ஒரு கஷ்டம். அது நிஜம் என்று நிரூபிக்கும் மென்மையான உலோக ஓட்டத் தடயங்களையும் தேய்ப்பு அழித்துவிடும். சந்தேகம் வந்த காசை விளிம்பில் பிடித்து எடுத்து, காகித உறையில் போட்டு வையுங்கள். பஞ்சமி பூஜையில் குங்குமம் வைக்கும் தட்டுக்கு வேறு காசு இருக்கட்டும்.

அந்த ‘லட்சம்’ எங்கே இருக்கிறது?

நிஜப் பிழைக்குத் தனி விலைப்பட்டியல் கிடையாது. எவ்வளவு பெரிய பிழை, எத்தனை காசு இப்படி வந்தது, வாங்க இரண்டு பேராவது போட்டி போடுகிறார்களா என்பதைப் பொறுத்ததுதான் எல்லாம். 2008-ல் பிரிட்டனில் வருஷமே போடாத 20 பென்ஸ் காசுகள் புழக்கத்துக்கு வந்துவிட்டன. புது வடிவத்தில் வருஷத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றியபோது, ஒரு பழைய அச்சும் ஒரு புது அச்சும் ஜோடி சேர்ந்துவிட்டன. ராயல் மின்ட்டே ஒப்புக்கொண்ட பிழை அது. ஊரே தேடியது. ஆனால், 50,000-லிருந்து 2 லட்சம் வரை அப்படிப்பட்ட காசுகள் இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. அதனால், உலகம் முழுக்கச் செய்தியான அந்தக் காசே ஒருவரையும் கோடீஸ்வரர் ஆக்கவில்லை.

அப்படியிருக்க, மங்கலான ஒரு ரூபாய்க்கு 5 லட்சம் தருகிறேன் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் வருகிறார். காசின் படத்தைக் கேட்கிறார். பார்த்த மறு நிமிஷமே ‘தேர்வாகிவிட்டது’ என்கிறார். எடை கேட்பதில்லை, விளிம்பைக் கேட்பதில்லை, மறுபக்கம்கூடக் கேட்பதில்லை. அடுத்து ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு கடிதம் வருகிறது. பிறகு பதிவுக் கட்டணம். அது கட்டியதும் ஜி.எஸ்.டி. அதற்குப் பிறகு ‘பணம் கிளம்பிவிட்டது, இன்ஷூரன்ஸ் மட்டும் பாக்கி’. ஒவ்வொரு படியிலும் ஏற்கெனவே கட்டியது போய்விடுமே என்ற பயத்தில் அடுத்ததையும் கட்டுகிறார்கள்.

2021 ஆகஸ்ட் 4-ம் தேதி ரிசர்வ் வங்கி இதைப் பற்றியே எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணய விற்பனையில் வங்கி ஈடுபடுவதில்லை, எந்தக் கட்டணமும் கமிஷனும் கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை. விற்பவர் நீங்கள் என்றால், பணம் உங்களை நோக்கித்தான் வர வேண்டும். கட்டிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். சைபர் குற்றங்களில் முதல் சில மணி நேரம்தான் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்புள்ள நேரம்.

காசு நிஜமாகவே சோதனைகளைத் தாண்டி நின்றால், நாணயக் கண்காட்சிகளிலும் நாணயவியல் கழகங்களிலும் நேரில் காட்டலாம். சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற அமைப்புகள் உண்டு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவைப் பார்த்துவிட்டு வந்தாலே, நல்ல காசு எப்படி இருக்கும் என்று கண் பழகிவிடும். தர்மபுரியிலிருந்து படம்தான் அனுப்ப முடியும் என்றால், ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும் இடத்தில் காசை வைத்து, பூ, தலை, விளிம்பு மூன்றையும் தனித்தனியாக எடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் நுணுக்கங்கள் அழிந்துவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். கூடவே கிராமில் எடையையும் எழுதிவிடுங்கள். எதிர்முனையில் இருப்பவர் நிஜமான சேகரிப்பாளர் என்றால், அவர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.